பழைய பெட்டி டிவி, புது 4கே டிவி, டிவிடி பிளேயர், டெக், அசெம்பிள் 5.1: எந்த ஒயர் எதில்?

#1 கோட்டை அகழி (சத்துவாச்சாரி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல இருக்கிற சாமான் இது: 21 இன்ச் பழைய பெட்டி டிவி (பின்னாடி மஞ்சளும் வெள்ளையும் மட்டும்), 43 இன்ச் புது 4கே ஸ்மார்ட் டிவி, ஹெச்டிஎம்ஐ + ஏவி + ஆறு ஓட்டை 5.1 அவுட் உள்ள டிவிடி பிளேயர், ஒரு விஹெச்எஸ் டெக், டிகோடர் போர்டு போட்டு அசெம்பிள் பண்ண 5.1 ஆம்ப். ஆம்புல ஆப்டிகல், கோஆக்சியல், ஸ்டீரியோ ஆக்ஸ், 5.1 இன் எல்லாம் இருக்கு. ஏஆர்சி (டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியாவே ஆம்புக்குத் திருப்பி அனுப்புற வசதி) இல்லை.

சிக்கல்:
டிவிடியைப் பழைய டிவியில போட்டா படம் கருப்பு வெள்ளை. சில டிஸ்க்ல மேல கீழ உருளுது.
புது டிவியில மூணு கலர் ஓட்டையே இல்லை. டெக்கை எப்படி மாட்டுறது?
புது டிவி சத்தம் ஆம்புல முன் ரெண்டு ஸ்பீக்கர்ல மட்டும் வருது.
கேபிள் ஒயரைக் குத்தினதும் ஆம்புல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ராணிப்பேட்டை சிக்னல்

கருப்பு வெள்ளைக்கு முதல்ல வருவோம். பிளேயர் பின்னாடி மஞ்சளுக்குப் பக்கத்துலயே பச்சை, நீலம், சிவப்புன்னு மூணு இருக்கும். அது காம்பொனன்ட், படத்தை மூணு ஒயர்ல பிரிச்சு அனுப்புற முறை. மஞ்சள் ஒயர் தவறிப் பச்சையில போயிருந்தா வெளிச்சத் தகவல் மட்டும்தான் டிவிக்கு வரும், கலர் வராது. படம் நல்லா தெளிவா, ஆனா கருப்பு வெள்ளையா நிக்கும். காம்பொனன்ட் சிவப்பும் ஆடியோ சிவப்பும் ஒரே நிறம்ங்கறதால சத்தத்துலயும் இதே குழப்பம் வரும்.

ஒயர் சரின்னா டிவி டைப்பைப் பாருங்க. நம்ம ஊர் டிவி பால் (PAL) முறை: 625 வரி, நொடிக்கு 50 ஃபீல்டு. 1982-ல தூர்தர்ஷன் கலருக்கு வந்ததுலேர்ந்து இதுதான். அமெரிக்கா, ஜப்பான் பக்கம் என்டிஎஸ்சி: 525 வரி, 60 ஃபீல்டு. பால் மட்டும் தெரிஞ்ச பழைய செட்டுல என்டிஎஸ்சி டிஸ்க் ஓடினா கலர் போயிடும். வெர்டிகல் பகுதி 60-க்கு ஈடு கொடுக்கலைன்னா படம் உருளும். "சில டிஸ்க்ல மட்டும் உருளுது"ன்னு நீங்க சொல்றது இதுதான்னு எனக்குப் படுது. பிளேயர் செட்டப்புல டிவி டைப் "மல்டி" அல்லது "ஆட்டோ"ன்னு இருந்தா டிஸ்க்ல உள்ளதை அப்படியே தள்ளிவிடும். "பால்"னு மாத்தினா பிளேயரே மாத்திக் கொடுக்கும்.

அந்தப் பக்கம் மெனுவுல மங்கலா, தேர்வு செய்ய முடியாம இருந்தா டிஸ்க்கை வெளிய எடுத்துட்டுப் பாருங்க. நிறைய பிளேயர்ல டிஸ்க் உள்ள இருக்கும்போது ப்ரிஃபரன்ஸ் பக்கம் திறக்காது. ரிப்பேர் கடைக்குப் போற பாதி பிளேயருக்கு இந்த ஒரு விஷயம் சொன்னாலே போதும்.

இன்னொண்ணு பி-ஸ்கேன் (ப்ரோக்ரெசிவ் ஸ்கேன், வரி விடாம முழுப் படமா அனுப்புற முறை). வீடியோ அவுட் "பி-ஸ்கேன்"ல நின்னா மஞ்சள் அவுட்ல படமே வராது, இல்ல கோடு கோடா கிழிஞ்சு வரும். படமே தெரியாம மெனுவை எப்படித் திறக்கறது? ரீமோட்ல "வி-மோட்" இல்ல "பி-ஸ்கேன்"னு ஒரு பட்டன் இருக்கும். டிஸ்க் இல்லாம வெச்சு அதை ஒவ்வொரு தடவையா அழுத்தி, நாலஞ்சு செகண்ட் பொறுத்துப் பாருங்க. ஏதாவது ஒரு நிலையில படம் வந்துடும்.

உங்க பழைய டிவி மோனோ. வெள்ளையை மட்டும் குத்தினா வலது சேனல்ல இருக்கிற சத்தம் போச்சு. ரெண்டையும் வெறும் ஒய் ஒயரால முறுக்கிச் சேர்க்காதீங்க, ஒரு அவுட் இன்னொரு அவுட்டை இழுக்கும். ஆளுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு அப்புறம் சேருங்க. செலவு சில்லறைக் காசு.

#3 பின்காரர் (குடியாத்தம்)

புது டிவி பக்கவாட்டுல "ஏவி இன்"னு எழுதின 3.5 மிமீ ஓட்டை இருக்கும். ஹெட்ஃபோன் ஓட்டையும் அதே அளவுல பக்கத்துலயே இருக்கும், மாத்திக் குத்தாதீங்க. இதுக்கு வேண்டியது ஒரு பக்கம் நாலு துண்டு பின், மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு உள்ள ஒயர். பின்னை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா மூணு கருப்பு வளையம் தெரியும். ரெண்டு வளையம்தான் இருக்குன்னா அது சாதா ஸ்டீரியோ பின், அதுல வீடியோ போகாது.

பிரச்சினை எங்கன்னா, நாலு துண்டுல எது எதுன்னு எல்லாரும் ஒத்துக்கலை. வழக்கமா பார்க்கிற ரெண்டு வரிசை:

முதல் வகை: நுனி இடது, அடுத்தது வலது, மூணாவது கிரவுண்ட், அடி வீடியோ.
ரெண்டாம் வகை: நுனி இடது, அடுத்தது வீடியோ, மூணாவது கிரவுண்ட், அடி வலது. பழைய ஹேண்டிகேம் ஒயர் பெரும்பாலும் இது.

ரெண்டுலயும் கிரவுண்ட் ஒரே இடம்தான். அதனால ஒயர் ஒரு வகை, டிவி இன்னொரு வகைன்னா மறுமுனையில மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாத்திக் குத்தினாலே முடிஞ்சது. நிறத்தை நம்பாதீங்க, படம் வர்றதை நம்புங்க. மாறிக் குத்தியிருக்குன்னு காது சொல்லிடும்: வீடியோ சிக்னல் ஆடியோவுக்குள்ள போனா "டர்ர்ர்"னு ஒரு சத்தம், படம் வெளுக்கும்போதும் இருளும்போதும் அதோட தொனி மாறும்.

மூணாவது ஒரு வகை இருக்கு, கிரவுண்ட் அடியில. அந்த ஒயரை எப்படி மாத்தினாலும் வேலைக்கு ஆகாது. வாங்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில வெச்சு, ஒரு முனையை மஞ்சள் பின்னோட வெளி உலோகத்துல தொட்டு, இன்னொண்ணை நாலு துண்டுலயும் வரிசையா தொடுங்க. எங்க பீப் அடிக்குதோ அது கிரவுண்ட். நுனியிலேர்ந்து மூணாவதா இருந்தா எடுத்துக்கலாம். டிவி பெட்டிக்குள்ள கம்பெனி ஒயர் ஒண்ணு குட்டையா கிடந்தா அதைத் தூக்கிப் போடாதீங்க, இந்த ரோதனையே வேண்டாம்.

சில டிவியில 3.5 ஓட்டைக்குப் பதிலா பச்சை ஓட்டையைச் சுத்தி மஞ்சள் வளையம் போட்டிருக்கும். அதுல மஞ்சள் ஒயரைக் குத்தி, சோர்ஸ்ல "ஏவி" எடுக்கணும். "காம்பொனன்ட்" எடுத்தா மறுபடியும் கருப்பு வெள்ளை.

டிவிடியைப் புது டிவிக்கு ஹெச்டிஎம்ஐயில போட்டுடுங்க. ஏவி ஓட்டை டெக்குக்கு இருக்கட்டும். டிவிடியில இருக்கிறது 720×576 தான், ஹெச்டிஎம்ஐ போட்டதும் 4கே ஆகிடாது. ஆனா ஓரம் கலர் கசியாது, எழுத்து நேரா நிக்கும்.

#4 4440 பிரியன் (ஆற்காடு)

சவுண்டுக்கு வந்தாச்சு, நம்ம ஏரியா.

தலைவா, முன் ரெண்டு ஸ்பீக்கர் மட்டும் வருதுன்னா ஆம்புல கோளாறு இல்லை. டிவியிலேர்ந்து உங்க ஆம்புக்கு என்ன போகுதுங்கறதுதான் கேள்வி. ஹெட்ஃபோன் ஓட்டையிலேர்ந்து ஆக்ஸுக்கு எடுத்தா ஸ்டீரியோ மட்டும்தான், தலைகீழா நின்னாலும் 5.1 வராது. ஆப்டிகல் ஒயர் போடுங்க. அப்புறம் டிவி சவுண்டு மெனுவுல "டிஜிட்டல் அவுட்புட்"னு தேடுங்க. அது "பிசிஎம்"ல (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) இருந்தா ஆப்டிகல்லயும் ரெண்டே சேனல். "டால்பி டிஜிட்டல்" இல்ல "ஆட்டோ"ன்னு வைங்க. டிகோடர் போர்டுல டால்பி லைட் எரிஞ்சா ஆறு சேனலும் பிரிஞ்சு வரும்.

இதுக்கு நேர் எதிர்க் கேஸும் உண்டு. டிகோடர் இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்புக்கு ஆப்டிகலை ஆர்சிஏ (வெள்ளை, சிவப்பு ஓட்டை) ஆக்குற சின்ன டப்பா வாங்கிப் போடுவாங்க. அதுக்குப் பெரும்பாலும் பிசிஎம் மட்டும்தான் புரியும். டிவி "ஆட்டோ"ல டால்பி அனுப்பினா சத்தமே வராது, இல்ல "கர்ர்"னு கத்தும். டப்பா போச்சுன்னு திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுவாங்க. பிசிஎம்னு மாத்தினா அதே டப்பா பாடும்.

ஆப்டிகல் ஒயர் புதுசா வாங்கினா ரெண்டு முனையிலும் கண்ணாடி மாதிரி சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழட்டாம அழுத்தி அழுத்தி டிவி ஓட்டையோட மூடியையே உடைச்சவங்க உண்டு. டிவி ஆன்ல இருக்கும்போது ஒயரோட மறுமுனையில சிவப்பு வெளிச்சம் தெரியணும். தெரிஞ்சா ஒயரும் டிவியும் சரி, மிச்சம் செட்டிங்தான். ஒயரை 90 டிகிரி மடக்கி சுவர் மூலையில ஆணி அடிக்காதீங்க, உள்ள இருக்கிற இழை உடைஞ்சா அவ்வளவுதான்.

டிவிடி பிளேயருக்கு ரெண்டு வழி. ஒண்ணு கோஆக்சியல்: ஆரஞ்சு ஓட்டையிலேர்ந்து ஆம்போட கோஆக்சியலுக்கு ஒரே ஒயர். தனி ஒயர் தேடி அலைய வேண்டாம், ஏவி செட்டுல இருக்கிற மஞ்சள் ஒயரே 75 ஓம்தான், அதைப் போடுங்க. பிளேயர்ல எஸ்பிடிஐஎஃப் (டிஜிட்டல் சத்த அவுட்) "ரா" இல்ல "பிட்ஸ்ட்ரீம்"னு இருக்கணும். ஆரஞ்சை ஆம்போட சாதா ஆடியோ இன்ல குத்திடாதீங்க, வெறும் டிஜிட்டல் இரைச்சல்தான் வரும்.

இன்னொரு வழி ஆறு ஒயர்: முன் இடது, முன் வலது, சென்டர், சப், பின் இடது, பின் வலது. இதுல டிகோடிங் பிளேயரே பண்ணிடும். ஸ்பீக்கர் செட்டப்புல டவுன்மிக்ஸ் (ஆறு சேனலை ரெண்டா குறைக்கறது) "ஆஃப்" இல்ல "5.1"னு வைங்க. "ஸ்டீரியோ"ல நின்னா நாலு ஸ்பீக்கர் ஊமை. சின்ன ஸ்பீக்கர்னா "ஸ்மால்"னு கொடுங்க, பேஸ் சப்புக்குப் போகும். "லார்ஜ்"னு வெச்சுட்டு 3 இன்ச் ஸ்பீக்கர் படபடக்குதுன்னு புலம்பக்கூடாது.

கேபிள் எஸ்டி சேனல்ல வர்றது ஸ்டீரியோ. அதுல நிஜ 5.1 தேடாதீங்க. ப்ரோ லாஜிக் (ஸ்டீரியோவைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிக்கிற முறை) போட்டுப் பின்னாடி கொஞ்சம் சத்தம் வரவைக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் ஒயர்ல பிளஸ் மைனஸ் ஒரே சீரா இருக்கணும். ஒண்ணு மாறினாலும் பேஸ் காணாம போகும். நிறம் தெரியலைன்னா 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்க: கோன் வெளிய தள்ளினா பேட்டரியோட பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஓம் சந்தேகம்னா மீட்டர்ல அளந்தா 4 ஓம் ஸ்பீக்கர் மூணு மூணரை காட்டும், 8 ஓம் ஆறு ஏழு காட்டும். 8 ஓமுக்கு டிசைன் பண்ண போர்டுல 4 ஓமை மாட்டி ஐசி வெந்துபோனா போர்டைத் திட்டாதீங்க. வேலூர் வெயில்ல ஃபேன் இல்லாத கேபினெட்டுல வேற வெச்சுடறாங்க.

#5 பாலாறு மணல் (காட்பாடி)

எல்லாம் இன்னாத்துக்கு இவ்ளோ சுத்தி வளைச்சு? பழைய டிவி சத்தம் ஆம்புக்கு வேணும்னா சிம்பிள். டிவி பின்மூடியைக் கழட்டி ஸ்பீக்கர்ல போற ரெண்டு ஒயரை இழுத்து ஆம்போட ஆக்ஸுல கொடுத்துடு. ஊர்ல பாதி வீட்டுல இப்டிதான் ஓடிக்கினு கீது.

#6 ராணிப்பேட்டை சிக்னல்

தம்பி, இதை யாரும் செய்யாதீங்க. அடுத்து படிக்கிறவங்க கண்ணுல படணும்னு அழுத்தியே சொல்றேன்.

பின்மூடிக்குள்ள பிக்சர் டியூபோட ஆனோட் தொப்பியில 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூபே ஒரு கெபாசிட்டர் மாதிரி சார்ஜை வெச்சிருக்கும். அது ஒரு பக்கம்.

ஏவி ஓட்டையே இல்லாத பழைய செட்டுகள் பலதுல சேசிஸ் (உள்ள இருக்கிற கிரவுண்ட்) நேரா கரன்ட் லைனோட ஒட்டியிருக்கும். அந்தக் கிரவுண்டை இழுத்து ஆம்ப் கிரவுண்டோட சேர்த்தா ஆம்போட டப்பா, ஒயரோட பின், அதுல மாட்டின டிவிடி பிளேயர் எல்லாம் மின்சாரத்துல நிக்கும். யார் தொடறாங்களோ அவங்க பாடு.

#7 பாலாறு மணல்

சரி சார், ஏவி ஓட்டை இருக்கிற செட்டுல சேசிஸ் தனியாத்தானே இருக்கு? அதுல இழுத்தா இன்னா?

#8 ராணிப்பேட்டை சிக்னல்

நியாயமான கேள்வி. ஏவி உள்ள செட்டுல சிக்னல் பக்கம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) டிரான்ஸ்ஃபார்மரால பிரிஞ்சிருக்கும், ஷாக் பயம் குறைவு. ஆனா ஆடியோ ஐசி பிரிட்ஜ் முறையில ஓடுற செட்டுல ஸ்பீக்கரோட ரெண்டு முனையுமே உயிருள்ள அவுட்புட், ரெண்டுல எதுவும் கிரவுண்ட் இல்லை. ஒண்ணைப் போய் ஆம்ப் கிரவுண்ட்ல கட்டினா அவுட்புட்டை ஷார்ட் பண்ணின மாதிரி. ஐசி போயிடும். உள்ள என்ன முறைன்னு சர்க்யூட் படம் பார்க்காம சொல்ல முடியாது.

இதெல்லாம் எதுக்கு? பழைய டிவிக்குச் சத்தம் எங்கிருந்து வருது? டிவிடியிலேர்ந்து, செட்டாப் பாக்ஸிலேர்ந்து. அங்கயே எடுத்து நேரா ஆம்புக்குக் கொடுங்க. டிவிக்கு மஞ்சள் மட்டும் போகட்டும். சத்தம் பிறக்கிற இடத்துல எடுத்தா பின்மூடியைத் தொடவே வேண்டாம்.

#9 பாலாறு மணல்

ஓகே சார், ஒத்துக்கறேன். பாக்ஸ்லேர்ந்தே எடுத்தா வால்யூம் ரெண்டு ரீமோட்ல மாத்தணுமே, அது ஒண்ணுதான் கடுப்பு.

#10 4440 பிரியன்

பாக்ஸ் வால்யூமை முக்கால்ல நிறுத்திட்டு ஆம்ப் ரீமோட்ல மட்டும் ஏத்தி இறக்கு. பாக்ஸைக் கால்ல வெச்சு ஆம்பை முழுசா திறந்தா இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

#11 ஜவ்வாதுமலை காத்து (ஒடுகத்தூர்)

அண்ணன்களுக்கு வணக்கம். ஊர்ல இன்னும் 2006-லேர்ந்து கவர்மென்ட் கொடுத்த 14 இன்ச் இலவச டிவி ஓடிட்டு இருக்கு. புது ஹெச்டி பாக்ஸை அதுல மாட்ட ஹெச்டிஎம்ஐ டு ஏவின்னு ஒரு வெள்ளை டப்பா வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா? வாங்கின ஒருத்தர் வீட்டுல படம் மின்னி மின்னி வருது, முகமெல்லாம் ஒட்டிப்போய் நீளமா தெரியுது.

#12 பின்காரர் (குடியாத்தம்)

தம்பி, முதல்ல பாக்ஸோட பின்பக்கத்தைத் தடவிப் பாருங்க. நிறைய பாக்ஸ்ல ஹெச்டிஎம்ஐயோட ஏவி அவுட்டும் இருக்கு, சிலதுல அது 3.5 ஓட்டையா இருக்கும். அது இருந்தா வெள்ளை டப்பாவுக்குக் காசு வீண். பாக்ஸ் மெனுவுல படவடிவம் 4:3 "லெட்டர்பாக்ஸ்"னு வெச்சா மேல கீழ கருப்புப் பட்டையோட முகம் ஒழுங்கா வரும்.

ஏவி அவுட் இல்லைன்னாதான் டப்பா. வாங்கும்போது பேரை ரெண்டு தடவை படிங்க: ஹெச்டிஎம்ஐ டு ஏவி வேற, ஏவி டு ஹெச்டிஎம்ஐ வேற. பார்க்க ரெண்டும் ஒண்ணு, சிக்னல் ஒரு திசையிலதான் போகும். டெக்கை ஹெச்டிஎம்ஐயில மாட்ட நினைக்கிறவங்களுக்கு ரெண்டாவது.

மின்னுறதுக்குக் காரணம் ரெண்டு. டப்பா பக்கத்துல பால்-என்டிஎஸ்சி சின்ன சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அது பால்ல இருக்கணும். அடுத்தது பவர். பாக்ஸோட யுஎஸ்பியிலேர்ந்து எடுத்தா வழக்கமா 500 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும், படம் வந்து வந்து போகும். 5 வோல்ட் 1 ஆம்பியர் போன் சார்ஜர்ல கொடுங்க.

முகம் நீளமாகறது 16:9 படத்தை 4:3-க்குள்ள நசுக்கறதால. டப்பாவுல அதைச் சரிபண்ண வழி இல்லை, பாக்ஸ்லதான் முயற்சி பண்ணணும். கிரிக்கெட் ஸ்கோர் எழுத்து 14 இன்ச்சுல படிக்கவே முடியாது, அதையும் சொல்லிடுங்க. பாக்ஸ் அவுட்புட் 4கேன்னு இருந்தா 1080 இல்ல 720-க்கு இறக்கிட்டு மாட்டுங்க.

#13 ராணிப்பேட்டை சிக்னல்

ஏவியே இல்லாம ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ள செட்டுக்கு மாடுலேட்டர் (ஏவி சிக்னலை டிவி சேனலா மாத்தி ஆன்டெனா ஓட்டைக்குக் கொடுக்கிற டப்பா) வேணும். அதுல ஒரு கண்ணி: நம்ம ஊர் பால் பி/ஜி முறையில சத்தம் படத்துக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். மாடுலேட்டர் 6.5-க்கு செட் பண்ணியிருந்தா படம் பளிச்சுன்னு வரும், சத்தத்துக்குப் பதிலா "உஸ்ஸ்". டிவி ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க. 5.5-க்கு மாத்துற சுவிட்ச் உள்ளதா கேட்டு வாங்குங்க.

#14 கோட்டை அகழி

ரொம்ப நன்றி. டிவிடி கலர் வந்தாச்சு, டிவி டைப் மல்டியிலதான் இருந்துச்சு. ஆப்டிகல்ல டால்பி லைட்டும் எரியுது. இப்போ டெக்: 3.5 ஒயர் போட்டாச்சு, மெனு நல்லா வருது, ஆனா கல்யாணக் கேசட் ஓடும்போது டிவி அடிக்கடி நீலமாகி "நோ சிக்னல்"ங்குது. பழைய டிவியில அதே கேசட் ஓடுது. டிவிடி பிளேயரையும் டெக் வழியாவே விட்டா ஒரே ஒயர்ல முடிஞ்சிடுமான்னும் ஒரு யோசனை.

#15 ஆம்பூர் டெக்

கடைசி யோசனையை விட்டுடுங்க. நிறைய டிவிடியில காப்பி தடுக்க மாக்ரோவிஷன் சிக்னல் இருக்கும். டெக்குக்குள்ள நுழைஞ்சா அதோட தானியங்கி லெவல் குழம்பி, படம் இருண்டு வெளுத்து இருண்டு வெளுத்து வரும். டிவிடி நேரா டிவிக்கு, டெக் நேரா டிவிக்கு.

நீலம் ஏன் வருதுன்னா, கேசட் நாடா ஒரே வேகத்துல ஓடறதில்லை. வரிக்கு வரி நேரம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். பழைய பிக்சர் டியூப் செட் அதைப் பின்தொடர்ந்து போயிடும். புது டிவி முதல்ல படத்தை டிஜிட்டலாக்கணும், சிங்க் (வரியும் படமும் எங்க தொடங்குதுன்னு சொல்ற குறி) கொஞ்சம் தடுமாறினாலும் சிக்னலே இல்லைன்னு முடிவு பண்ணிடும். என்ன செய்யலாம்:

முதல்ல கேசட்டைக் கடைசி வரை ஓட்டி, திரும்ப முழுசா ரீவைண்ட் பண்ணுங்க. வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்த நாடா தளர்ந்து, இழுப்பு சமமாகும். அப்புறம் டிராக்கிங்கை (ஹெட் நாடாவோட தடத்துல சரியா ஓட வைக்கிற செட்டிங்) ஆட்டோவை விட்டுக் கையால மாத்தி, கோடு குறையற இடத்துல நிறுத்துங்க. டிவி மெனுவுல "ப்ளூ ஸ்கிரீன்" ஆஃப் பண்ண வழி இருந்தா ஆஃப். அப்பவும் நிக்கலைன்னா ஏவி இன் உள்ள பழைய டிவிடி ரெக்கார்டர் ஒண்ணை நடுவுல வைங்க. பல ரெக்கார்டர் சிக்னலை வாங்கிச் சீரான சிங்க்கோட திருப்பி அனுப்பும்.

படத்தோட அடி ஓரத்துல ஒரு பட்டை கிழிஞ்சு நடுங்கும். அது கோளாறு இல்லை, நாடாவைப் படிக்கிற ஒரு ஹெட்டிலேர்ந்து அடுத்த ஹெட்டுக்கு மாறுற இடம். பழைய டிவி ஓரத்தை ஃப்ரேமுக்குள்ள மறைச்சதால யாருக்கும் தெரியாம இருந்துச்சு. விஹெச்எஸ்ல மொத்தமே சுமார் 240 வரித் தெளிவுதான், 43 இன்ச்சுல மங்கலாத்தான் இருக்கும். ஷார்ப்னஸை பூஜ்யத்துக்குக் கொண்டு போங்க, 4:3-ல வைங்க. இழுத்து நிரப்பினா மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் குண்டாயிடுவாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு: கேசட்டோட சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியா நாடாச் சுருளோட விளிம்பைப் பாருங்க. கருப்பா, வழவழன்னு இருக்கணும். வெள்ளையா மாவு தெளிச்ச மாதிரி இருந்தா பூஞ்சை. அதை டெக்குல போடாதீங்க. ஹெட்டும் கெடும், அடுத்துப் போடற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும்.

#16 பாலாறு மணல்

பாய், ஹெட் கிளீன் பண்ண இயர் பட்ஸ் போதுமா?

#17 ஆம்பூர் டெக்

வேணாம்பா. பட்ஸோட பஞ்சு இழை ஹெட் நுனியில மாட்டினா ஹெட்டே உடையும். மெல்லிய, சாயம் போடாத ஷாமி தோல்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்சு, ஹெட் இருக்கிற டிரம் மேல அசையாம வெச்சுக்க. இன்னொரு கையால டிரம்மை மேல் பக்கமா பிடிச்சு மெதுவா சுத்து. தோல் நிக்கணும், டிரம் சுத்தணும். மேலேர்ந்து கீழ தேய்க்கவே கூடாது. தோலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்லை, ஆனா ஷூ தோல் மாதிரி பூச்சு போட்டது ஆகாது. காய்ஞ்ச பிறகுதான் கேசட் போடணும், ஈரத்துல நாடா ஒட்டிக்கும்.

கோட்டை அகழி சார், கேசட் ஓடற நிலையில இருக்கும்போதே கம்ப்யூட்டருக்கு ஏத்திடுங்க. யுஎஸ்பி கேப்சர்ல 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், பால். 8 மெகாபிட்ல வெச்சா மணிக்கு 3.6 ஜிபி, மூணு மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜிபி இடம் வேணும். இன்டர்லேஸை (ஒரு ஃப்ரேமை ஒத்தை வரி, இரட்டை வரின்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கறது) ஏத்தும்போது தொடாதீங்க, அப்புறமா சாவகாசமா எடுத்துக்கலாம்.

#18 ஆரணி எர்த்

இரைச்சல் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க.

ஆம்புல எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு வால்யூமை ஏத்துங்க. அப்பவும் இரைச்சல்னா ஆம்புக்குள்ளதான் விஷயம். மெயின் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ஞ்சு போச்சுன்னா 100 ஹெர்ட்ஸ்ல கரகரப்பா வரும், 4700 மைக்ரோ இருந்தா அதே வோல்டேஜ்ல புதுசு போடணும். எல்லாம் பிடுங்கினதும் அமைதின்னா ஒவ்வொண்ணா மாட்டுங்க: பிளேயர், டிவி, கடைசியா கேபிள். கேபிள் குத்தினதும்தான் வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அது கிரவுண்ட் லூப். தெருவுல வர்ற கேபிளோட ஷீல்டு ஒரு எர்த், உங்க வீட்டு எர்த் இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஆடியோ ஒயர் ஷீல்டு வழியா ஓடி 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" ஆகுது.

நீங்க இப்போ ஆப்டிகலுக்கு மாறிட்டதால டிவி பக்கம் அது தானா போயிருக்கணும், வெளிச்சத்துல கிரவுண்ட் போகாது. செட்டாப் பாக்ஸிலேர்ந்து ஆர்சிஏ எடுத்தா திரும்ப வரும். அதுக்குக் கேபிள்ல கோஆக்ஸ் ஐசொலேட்டர், இல்ல ஆடியோ ஒயர்ல சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் டப்பா போடலாம். ஆம்போட மூணு பின் பிளக்குல எர்த் பின்னை வெட்டி விட்டுடறது மட்டும் வேண்டாம். இரைச்சல் நிக்கும், ஆனா டிரான்ஸ்ஃபார்மர் லீக் ஆனா கேபினெட்டே லைவ்.

ரெண்டு பின் டிவி, பிளேயர் உலோகத்தைத் தொட்டா சுறுசுறுங்கும், டெஸ்டர் மங்கலா எரியும். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கெபாசிட்டர் வழியா வர்ற கசிவு அது. மீட்டர்ல 100 வோல்ட்டுக்கு மேலகூட காட்டலாம், கரன்ட் ரொம்பக் கொஞ்சம். ஆளை ஒண்ணும் செய்யாது, ஹெச்டிஎம்ஐ போர்ட்டைச் செய்யும். அதனால எல்லா ஒயரையும் குத்தி முடிச்ச பிறகுதான் பிளக்கை சுவர்ல போடணும். ஆர்சிஏ பின்லயும் நடு ஊசிதான் முதல்ல தொடும், வெளி வளையம் அப்புறம். ஆன்ல வெச்சுக் குத்தினா "டமார்"னு சப் அடிக்கறது அதனாலதான்.

#19 4440 பிரியன்

ஆப்டிகலை ஆதரிக்க ஒரு ஓட்டு கூடிச்சு. ஏஆர்சிதான் சூப்பர்னு சொல்றவங்க எங்க?

#20 பின்காரர் (குடியாத்தம்)

இங்கதான் இருக்கேன். ஏஆர்சி உள்ள சவுண்ட்பார், ரிசீவர்னா அதுதான் வசதி. டிவி ரீமோட்லயே வால்யூம் ஏறும், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும். ஆப்டிகல்ல சாதா டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் வரைக்கும்தான். ஆனா "ஏஆர்சி"ன்னு எழுதின ஒரே போர்ட்லதான் குத்தணும், ரெண்டு பக்கமும் சிஇசி (ஹெச்டிஎம்ஐ வழியா ஒண்ணை இன்னொண்ணு கட்டுப்படுத்தற வசதி) ஆன்ல இருக்கணும். பாதி புகார் அந்த ரெண்டுலயே அடங்கிடும். ஏஆர்சி 2009-ல ஹெச்டிஎம்ஐ 1.4-ஓட வந்தது, அதுக்கு முந்தின ரிசீவர்ல தேடாதீங்க. இவர் ஆம்புல அது இல்லவே இல்லையே, ஆப்டிகல் போதும்.

#21 கோட்டை அகழி

ஆப்டிகல் போட்டதும் இரைச்சல் நின்னுடுச்சு. கேசட்டும் ஓடவிட்டு ரீவைண்ட் பண்ணின பிறகு நீலமாகறது குறைஞ்சிருக்கு. ஒரே ஒரு பாக்கி: டிவி ஸ்பீக்கரும் ஆம்பும் ஒண்ணா பேசும்போது எதிரொலி மாதிரி இருக்கு, உதடும் கொஞ்சம் ஒட்டலை.

#22 ராணிப்பேட்டை சிக்னல்

ரெண்டையும் ஒண்ணா ஓடவிடாதீங்க, டிகோடர் எடுத்துக்கற நேரம் வேற, டிவி எடுத்துக்கற நேரம் வேற. ரீமோட்ல மியூட் போடறதைவிட, சவுண்டு மெனுவுல ஸ்பீக்கரை "எக்ஸ்டர்னல்" இல்ல "ஆப்டிகல்"னு எடுங்க. சில டிவியில மியூட் பண்ணினா வெளிய போற சத்தமும் நின்னுடும்.

உதட்டுக்கு: சத்தம் முன்னாடி வருதுன்னா டிவியில "டிஜிட்டல் அவுட்புட் டிலே" இருந்தா 20 மில்லிசெகண்டா ஏத்திக்கிட்டே போங்க. சத்தம் பின்தங்குதுன்னா டிலேயை பூஜ்யமாக்குங்க, அதுக்கும் மேல டிவியில செய்ய ஒண்ணுமில்லை, டிகோடர் போர்டுல டிலே ஏதாவது வெச்சிருக்கான்னு பாருங்க. டெக் ஓடும்போது மட்டும் உதடு ஒட்டலைன்னா படத்தை "கேம் மோட்"ல போட்டுப் பாருங்க. டிவி படத்தை மெருகேத்த எடுத்துக்கற நேரம் குறையும்.